மேளம் அடிக்காத தீபாவளி உபசரிப்பு

போன மாதம், நான் வேலை பார்த்த மலைச் சுற்றுலா அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம். ஓய்வு பெற்றவளை யாராவது பேசக் கூப்பிட்டால் அது கரும்பு தின்னக் கூலி கொடுப்பது மாதிரி. நல்ல சேலையாக ஒன்று கட்டிக்கொண்டு போனேன். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி, "மேடம், உங்க சர்வீஸ்லயே ரொம்ப பெருமையான நிகழ்ச்சி எது?" என்று கேட்டாள். மலை உச்சியில் நாங்கள் நடத்திய பெரிய விளக்கு விழாவைச் சொல்வேன் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அதன் படத்தைத் திரையில் தயாராக வைத்தும் இருந்தார்கள். நான் சொல்லத் தொடங்கியது வேறொன்று. பாதியில் தேநீர் வந்துவிட்டது. மீதியைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பினாங்குக் கொடிமலையை எல்லாருக்கும் தெரியும். ரயிலில் ஏறுவார்கள், ஜார்ஜ் டவுனையும் கடலையும் பார்ப்பார்கள், ஐஸ் கச்சாங் சாப்பிடுவார்கள், இறங்கிவிடுவார்கள். அங்கே மேலே ஒரு குட்டி ஊர் இருப்பது பலருக்குத் தெரியாது. முருகன் கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது. சரிவுகளில் சீனர்களின் பூந்தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் இருக்கின்றன. ரயில் வேலைக்கென்று ஒரு காலத்தில் வந்த தமிழர்களின் குடியிருப்பு இருக்கிறது. அந்த ஊருக்கு ஆட்களை வரவழைப்பதும், ஊர்க்காரர்களைக் கொண்டே விழாக்கள் நடத்துவதும்தான் என் வேலை.

என் அப்பா வழி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாப் பரம்பரை. எங்கள் வீட்டில் உத்தியோகம் என்றால் மேசை, நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. நான் மலைக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும் அம்மா, "குரங்குகளோடயோ பிள்ளை வேலை செய்யப் போறாய்?" என்று கேட்டார். முதல் வாரத்திலேயே ஒரு குரங்கு என் மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதை நான் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

பயிற்சி என்ற பெயரில் கோலாலம்பூரிலும் வேறு ஊர்களிலும் வகுப்பில் உட்காரவைத்தார்கள். சுற்றுலாப் பயணியின் மனநிலை, விளம்பர உத்தி என்று நிறையச் சொல்லித் தந்தார்கள். தேர்வு எழுதினேன், தேறினேன், மறந்தேன். மறக்காதது எல்லாம் என் மேலதிகாரி என்சிக் ரஹீமிடம் பார்த்தவைதான்.

என்சிக் என்றால் மலாயில் ஐயா. மனிதர் மெலிந்தவர். வெயிலோ குளிரோ, தேய்த்த முழுக்கைச் சட்டைதான். கையில் நீளமான கறுப்புக் குடை எப்போதும் இருக்கும். நாங்கள் ஒரு நிகழ்ச்சித் திட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நின்றுகொண்டே படிப்பார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "கலாவ் ஹூஜான்?" மழை வந்தால்? மலையில் மழை வருவது அதிசயமில்லை. ஆனால் அவர் அகராதியில் ரயில் நிற்பதும் மழைதான், பேச்சாளர் வராமல் போவதும் மழைதான், எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் கூடிவிடுவதும் மழைதான். பதில் இல்லாமல் போனவர்கள் திட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவோம். அவர் கோபித்து யாரும் பார்த்ததில்லை. கோபித்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

விழாவுக்கு முதல் நாள் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. போட்டிருக்கும் நாற்காலி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்ப்பார். கால் ஆடுகிறதா, வெயில் முகத்தில் அடிக்கிறதா, முன்னால் தூண் மறைக்கிறதா என்று பார்ப்பார். அமைச்சருக்குப் போட்ட சோபாவில் மட்டும் உட்கார மாட்டார். "அவங்க கஷ்டத்த அவங்க ஆளுங்க பாத்துக்குவாங்க, லா" என்பார்.

அவர் அறைச் சுவரில் மூன்று நாட்காட்டிகள் தொங்கும். ஒன்று முஸ்லிம் பண்டிகைகளுக்கு. ஒன்று சீனர் கடைகளில் கிடைக்கும், சீனத் தேதிகளும் போட்ட குதிரைப் பந்தய நாட்காட்டி. மூன்றாவது, லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடையில் கொடுக்கும் தமிழ் நாள்காட்டி, ராகுகாலம் எமகண்டத்தோடு. எந்தத் தேதியும் மூன்றிலும் தேறினால்தான் விழாவுக்கு ஆகும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் சேர்வதற்கு முன், தலைமை அலுவலகத்தில் யாரோ தேதி குறித்து, தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க ஒரு கூட்டம் வெள்ளைக்காரர்களை ரயிலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்குச் செங் பெங். சீனர்கள் எல்லாரும் முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யப் போய்விட்டார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் பூட்டு. வந்தவர்களை வரவேற்றவை நாய்கள் மட்டும்தான். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் என்சிக் ரஹீம், "நாய்ங்க நல்லாத்தான் வரவேற்றதாம்" என்று முடிப்பார்.

நான் தொடங்கிவைத்த நிகழ்ச்சி தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு. மலேசியாவில் யார் பண்டிகை என்றாலும் வீட்டைத் திறந்து வைத்து ஊரையே சாப்பிடக் கூப்பிடுவது நம் வழக்கம். அமைச்சர்கள் மண்டபம் பிடித்துச் செய்வார்கள். நான் அதை மலையில், நிஜ வீடுகளில் செய்ய நினைத்தேன். தீபாவளி முடிந்த சில நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விருந்தாளியை விரும்பும் வீட்டார் வாசலில் கோலம் போடுவார்கள். கோலம் இல்லாத வாசலை யாரும் மிதிக்கக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. திட்டம் அவ்வளவுதான். மழைக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தேன். என்சிக் ரஹீம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

நிகழ்ச்சி பிடித்துக்கொண்டது. கப்பலில் வந்து இறங்கும் பயணிகள்கூட அதற்கென்று ஏறி வந்தார்கள். கூட்டம் எப்போதும் முதலில் போவது லெட்சுமி அக்கா வீட்டுக்கு. ரயில் குடியிருப்பில் முதல் வீடு அது. கணவர் முனியாண்டி, பழைய ரயில் ஓடிய காலத்திலிருந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டவர். அக்கா சுடும் அச்சு முறுக்குக்காகவே வருடா வருடம் வருகிறவர்கள் இருந்தார்கள். வாய் மட்டும் கொஞ்சம் காரம். வெள்ளைக்காரர் ஒருவர் நாலாவது தட்டு கேட்டபோது, "இவருக்கு வீட்டுல ஒன்னும் குடுக்கறதில்லயா?" என்று என்னைக் கேட்டார். நான் அதை வேறு மாதிரி மொழிபெயர்த்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், உபசரிப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது முனியாண்டி அண்ணன் இறந்துபோனார். காலையில் தேநீர் குடித்தவர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். அவர் பராமரித்த தண்டவாளத்தின் வழியாகவே அவரைக் கீழே இறக்கினார்கள். என்சிக் ரஹீம் நிலையத்தில் பேசி அந்த ஒரு பயணத்துக்குப் பொதுமக்களை ஏற்றாமல் செய்தார். ரயில் நகர்ந்தபோது குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லாரும் அழுதோம்.

துக்கம் விசாரிக்கப் போனபோது நிகழ்ச்சியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற நேரமா அது? லெட்சுமி அக்காதான் பேச்சை எடுத்தார்.

"ஒங்க நிகழ்ச்சி என்னா ஆவும், தங்கச்சி?"

"அத இப்ப பேச வேணாம்க்கா."

"நடத்துறதுன்னா நடத்துங்க. ஊரு சோறு திங்கறத நான் நிறுத்த மாட்டேன். ஆனா ரெண்டே ரெண்டு கேக்கறேன். கருமாதி முடியற வரைக்கும் யாரும் என் வாசல்ல கேமராவ தூக்கிக்கிட்டு நிக்கக் கூடாது. மேளச் சத்தம் என் காதுல விழக் கூடாது. அவரு போயி ஒரு வாரம்கூட ஆகல."

"விழாதுக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று தெரியாது.

எங்கள் வீட்டில் துடக்கு என்பதை மலையில் தீட்டு என்பார்கள். பெயர் எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். குடியிருப்பில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாம் பங்காளி வீடுகள். ஒரு வீட்டில் இழவு என்றால் எல்லா வீட்டுக்கும் தீட்டு. ஒரு வாசலிலும் கோலம் விழாது. தீபாவளி உபசரிப்பு, ஆனால் திறக்க ஒரு தமிழ் வீடு இல்லை.

தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். எங்கள் இயக்குநர் டத்தோ பட்டம் வாங்கியவர்; கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். விருந்தினர்களுக்கு அழைப்புப் போய்விட்டது, தானும் வருகிறேன், நிலையத்தில் உறுமி மேளம் சொல்லியாயிற்று என்றார். ஒத்திவைக்க முடியாதாம். இந்த முறை நடக்காவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து அடிவாரத்தில் ஒரு ஹோட்டலில், கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று நடத்தும் என்றார். அந்த நிறுவனம் அனுப்பிய படங்களை நான் பார்த்திருந்தேன். அட்டையில் செய்த வீடு. அதன் முன் வாடகைச் சேலையில் சிரிக்கும் பெண்கள். மலை மக்களின் விழா மலையை விட்டே போய்விடும். ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு. 

என்சிக் ரஹீமிடம் போய் நின்றேன். அவர் கேட்க வேண்டிய கேள்வியை நானே கேட்டேன்: "மழை வந்துருச்சு என்சிக். இப்ப?"

அவர் சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "வா, ஆ செங்கைப் பாப்போம்" என்றார்.

ஆ செங் அங்கிள் சரிவின் மறுபக்கம் பூந்தோட்டம் வைத்திருந்தவர். முனியாண்டி அண்ணனும் அவரும் ஒரே மேசையில் பல வருடம் தாம் என்ற காய் விளையாட்டு ஆடியவர்கள். விஷயத்தைச் சொன்னோம். அவர் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே, "என் வீட்ல வைங்க, லா. முற்றம் பெரிசு" என்றார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். கற்றுக்கொடுத்தவரும் முனியாண்டி அண்ணன்தான், கெட்ட வார்த்தை உட்பட.

வீடு கிடைத்தது. அடுப்பு? இங்கேதான் பினாங்கில் பிறந்தவர்களுக்கு மட்டுமே புரியும் சிக்கல் வந்தது. ஆ செங் வீட்டு அடுப்பில் பன்றி சமைப்பார்கள், முஸ்லிம்கள் சாப்பிட முடியாது. மலைக் கேன்டீன் நடத்தும் மலாய்ப் பெண் காக் தீமாவின் சட்டிகளில் மாடு சமைப்பார்கள், கோயிலுக்குப் போகிற நம் ஆட்கள் தொட மாட்டார்கள். தமிழ் வீட்டு அடுப்புகளில் தீட்டு. ஒரு மலை நிறைய அடுப்பு, எல்லாருக்கும் ஆக்கிப் போட ஒன்றுகூட உதவாது. காக் தீமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்ப எல்லாரும் பிஸ்கட் திங்கட்டும்" என்றார்.

வழி சொன்னவரும் அவர்தான். புது அடுப்பு, புதுச் சட்டி, திறந்த முற்றம், வெறும் சைவம். "நான் அடுப்புப் பக்கத்துலயே நிக்கறேன். என்னைப் பாத்தா எங்க ஆளுங்க கேள்வி கேக்காம சாப்பிடுவாங்க" என்றார். கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் கல்யாணச் சமையல் செய்யும் சரோஜா அக்காவைப் பிடித்தேன். அவர் புதுச் சட்டிகளோடு ஃபெரி ஏறி, வண்டி பிடித்து, முதல் ரயிலில் மலைக்கு வந்து சேர்ந்தார். ரயிலில் சட்டிகளுக்கு நடுவே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். சாப்பிட வாழை இலை ஆ செங் தோட்டத்திலேயே இருந்தது.

கடைசிச் சிக்கல்தான் பெரியது. நிலையத்திலிருந்து ஆ செங் வீட்டுக்குப் போகும் நேர்வழி லெட்சுமி அக்காவின் ஜன்னலை உரசிக்கொண்டு போகும். சுற்றுவழி ஒன்று உண்டு. பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். நான் கயிறு கட்டி, 'வழி இல்லை' என்று பலகை வைக்கலாம் என்றேன். என்சிக் ரஹீம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"பலகை வச்சா முதல்ல பலகையப் படம் எடுப்பான். அப்புறம் பலகைக்குப் பின்னால என்னான்னு எட்டிப் பாப்பான். வழி இருக்கறதே தெரியக் கூடாது."

ஆ செங் அங்கிள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். சனிக்கிழமை மாலைக்குள் விற்பனைக்கு வைத்திருந்த செவ்வந்தித் தொட்டிகளை எல்லாம் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பாதை பிரியும் இடத்தில் அடுக்கினார். பாதை போன இடம் தெரியவில்லை. மலையோடு மலையாக மஞ்சள் பூச்சரிவு ஒன்று முளைத்தது போல் இருந்தது. சுற்றுவழியின் தொடக்கத்தில் காக் தீமா இஞ்சித் தேநீர்ப் பானையை வைத்தார். தேநீர் இருக்கும் பக்கம்தான் மனிதன் திரும்புவான் என்பது என்சிக் ரஹீமின் கணக்கு.

மேளக்காரர்களுக்கு நானே தொலைபேசி போட்டு, கூலி உண்டு, வர வேண்டாம் என்றேன். காரணம் சொன்னதும் அவர்கள் கூலியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டத்தோ பட்டுச் சட்டையும் வெள்ளைக் காலணியுமாக இறங்கினார். பின்னால் விருந்தினர்கள், அவர்களுக்குப் பின்னால் புகைப்படக்காரர்கள். நிலையத்தில் அமைதி. டத்தோ சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மேளம் எங்க?"

"மேளம் இல்ல, டத்தோ" என்றார் என்சிக் ரஹீம்.

"தீபாவளிக்கு மேளம் இல்லாமலா? யாரு நிறுத்தச் சொன்னது?"

நான்தான் என்று சொல்ல முன்னால் ஓரடி வைத்தேன். அதற்குள் என்சிக் ரஹீம், "நான்" என்றார். "டத்தோ ஏறி வந்த தண்டவாளத்தப் பாத்துக்கிட்ட மனுஷன் இந்த வாரம் இறந்துட்டாரு. அவரு பொண்டாட்டி அந்தப் பக்கம் இருக்காங்க. இன்னைக்கு நாம சத்தமில்லாமப் போவோம். வழி கொஞ்சம் சுத்து. டத்தோ பாத்து நடங்க."

எனக்குத் தெரிந்து அதற்கு முன் யாரும் டத்தோவைச் சுற்றுவழியில் நடக்கச் சொன்னதில்லை. அவர் முகம் சிவந்தது. புகைப்படக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்சிக் ரஹீம் கறுப்புக் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. பிடித்தபடியே சுற்றுவழிப் பக்கம் மெதுவாக நடக்கத் தொடங்கினார். குடைக்குக் கீழே இருப்பவர் குடையோடு போகத்தானே வேண்டும்? டத்தோ போனார். அவர் பின்னால் எல்லாரும் போனார்கள். பள்ளத்தில் வெள்ளைக் காலணி செம்மண் ஆனது. அதற்கு அவர் முணுமுணுத்ததை நான் கேட்காதது போல் இருந்துவிட்டேன்.

அவரைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு என்சிக் ரஹீம் திரும்பி வந்து பூத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். நிகழ்ச்சி முடியும்வரை அங்கேயே நின்றார். படம் எடுக்க வந்தவர்களிடம் செவ்வந்தியைப் பற்றி ஏதாவது சொல்லி, நாசூக்காகத் தேநீர்ப் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "இங்கிருந்து நகர்ந்தா மழை வந்துரும்" என்றார். அவர் இலையை நான் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டார்.

முற்றத்தில் சரோஜா அக்காவின் எலுமிச்சைச் சாதமும் வடையும் பாயசமும் பறந்தன. காக் தீமா சொன்ன சொல் தவறாமல் அடுப்போரம் நின்றார். மலாய் விருந்தினர்கள் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆ செங்கின் மனைவி சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு இலைக்கும் குறை வராமல் பரிமாறினார். டத்தோ இரண்டாவது வடையில் இருந்தபோது, "இது யார் வீடு?" என்று அவரைக் கேட்டார்.

"ஆ செங் வீடு" என்றார் அந்த அம்மாள். "இன்னைக்கு மட்டும் தீபாவளி வீடு."

டத்தோ அந்த வடையைத் தின்று முடித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார். ரயிலேறும்போது என்னிடம், "அடுத்த வருஷமும் இங்கேயே வைங்க. ஆனா அந்தப் பள்ளத்துக்கு ஒரு படிக்கட்டு கட்டுங்க" என்றார். ஹோட்டல் பேச்சு அதோடு போனது. படிக்கட்டும் வந்தது.

என் பணிக்காலத்தில் கேடயம் வாங்கியிருக்கிறேன். பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. ஒரு முறை மேடையில் பொன்னாடையும் போர்த்தினார்கள். நல்லதுதான், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என் பதில், மறுநாள் திங்கட்கிழமை காலையில் இருக்கிறது.

துக்க வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஆ செங்கின் மனைவியும் நானும் ஒரு டப்பாவில் முறுக்கும் நெய் உருண்டையும் எடுத்துக்கொண்டு லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். டப்பாவை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நிகழ்ச்சிய நிறுத்திட்டீங்களா தங்கச்சி? நான் சொன்னதுனாலதானே? கேட்டுட்டேனேன்னு நேத்து பூரா மனசு சரியில்ல. அவருக்கும் அது ரொம்ப புடிக்கும்."

"நிறுத்தலக்கா. நடந்துச்சு."

"எப்ப?"

"நேத்துதான். காலைலேர்ந்து. கூட்டம் தாங்கல."

அக்கா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், ஆ செங்கின் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஆமாம் என்று தலையாட்டினார். அக்கா எழுந்து முன்பக்க ஜன்னல் வரை போய், ஒரு கதவை மட்டும் திறந்து வெளியே பார்த்தார். பாதை வெறுமையாக இருந்தது.

"நான் நேத்து பூரா இந்த ஜன்னலுக்குப் பக்கத்துலதானே படுத்திருந்தேன்" என்றார். "ஒரு செருப்புச் சத்தம்கூட கேக்கலயே தங்கச்சி."